படங்கள் சொந்தத் தளத்தில் இருக்கட்டும்: ஸ்டூடியோவுக்கு ஏற்ற கேலரி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருமணப் படம் எடுப்பவர்கள் இன்று வேலையை ஒப்படைக்கும் விதம் அநேகமாக ஒன்றுதான். ஆயிரத்துச் சொச்சம் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நன்றாக வந்த பத்துப் பன்னிரண்டை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். ஸ்டூடியோவுக்கு என்று வலைத்தளம் இருந்தாலும் அதில் பழைய படங்கள் நாலைந்து தூங்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளரும் அவரது சொந்தக்காரர்களும் படம் பார்க்கும் நேரம் முழுக்க ஸ்டூடியோவின் பெயர் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

இடம் தருகிறவர்கள் விதியை மாற்றினால் நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பது இன்னொரு சிக்கல். கூகுளின் பிகாசா 2016-இல் நிறுத்தப்பட்டது. ஃபோட்டோபக்கெட் 2017-இல், பிற தளங்களில் படங்களைக் காட்ட வருடத்துக்கு 399 டாலர் கேட்டது. அதை நம்பிப் படம் போட்டிருந்த எண்ணற்ற தளங்களில் படம் இருந்த இடம் காலியானது. ஃப்ளிக்கர் 2019-இல் இலவசக் கணக்குகளை ஆயிரம் படங்களோடு நிறுத்தியது. கூகுள் ஃபோட்டோஸின் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது.

சொந்த டொமைனில், சொந்த ஹோஸ்டிங்கில் ஒரு கேலரியை நிறுவிக்கொள்வது பெரிய செலவு அல்ல. நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டெமோவைத் திறந்து, தீம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். தீமை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் உங்கள் படங்களை எப்படி அடுக்கி வைக்கிறது என்பதை மாற்ற முடியாது. ஐந்து வருடம் கழித்து வேறு மென்பொருளுக்குப் போக நேர்ந்தால் படங்களும் தலைப்புகளும் ஆல்பப் பிரிவுகளும் சேதமில்லாமல் வெளியே வருமா? இதற்குத் தெளிவான பதில் கிடைக்காத மென்பொருளைத் தொடவே வேண்டாம் என்பேன்.

மிகையாகச் சொல்லவில்லை. 'கேலரி' என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இருந்தது. 2000-வாக்கில் தொடங்கி, இந்தத் துறையில் முதல் பெயராக வளர்ந்தது. அதன் மூன்றாம் பதிப்பை உருவாக்கியவர்கள் 2014-இல் வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டார்கள். மென்பொருள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பிஎச்பி மொழியின் புதிய பதிப்புகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும். பிஎச்பி 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. எட்டாம் பதிப்புக்கு மாறும் சர்வரில் பராமரிப்பில்லாத பழைய நிரல் தடுமாறும். படக் கோப்புகள் எங்கும் போய்விடாது. எந்தப் படம் எந்த விசேஷத்தைச் சேர்ந்தது, அதில் இருப்பவர் யார் என்ற விவரம்தான் திறக்க முடியாத டேட்டாபேஸில் சிக்கிக்கொள்ளும்.

எங்கே, எந்தப் பெயரில் வைக்கிறது?

ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதில் தனிப் பழக்கம் உண்டு. ஜென்ஃபோட்டோவில் ஃபோல்டர்தான் ஆல்பம். நீங்கள் எஃப்டிபி வழியாக ஏற்றிய ஃபோல்டர் அதே பெயரில் சர்வரில் இருக்கும். மென்பொருளை நீக்கினாலும் அடுக்கு கலையாது. லைச்சி, ஏற்றும் படங்களுக்குத் தானே ஒரு பெயரைக் கொடுத்து வைத்துக்கொள்ளும். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் எது யாருடைய திருமணம் என்று மனிதக் கண்ணுக்குப் புரியாது. ஃபோட்டோப்ரிஸம் மூலப் படங்களைத் தொடாமல், விவரங்களைத் தனிச் சிறு கோப்புகளாக எழுதிவைக்கும். இது மிக நல்ல பழக்கம்.

பிவிகோவில் இரண்டு வழி உண்டு. 2002-இல் பிரான்ஸில் வேறு பெயரில் பிறந்து, இன்றுவரை விடாமல் வளர்ந்துவரும் மென்பொருள் இது. உலாவி வழியாக ஏற்றினால் படங்களுக்கு வேறு பெயர் வைத்து, தேதிவாரியாக 'அப்லோட்' ஃபோல்டரில் போடும். பழைய பெயரை டேட்டாபேஸில் குறித்துக்கொள்ளும். மாறாக, எஃப்டிபி வழியாக 'கேலரிஸ்' ஃபோல்டரில் நீங்களே அடுக்கிவிட்டு, நிர்வாகப் பக்கத்தில் ஒத்திசைவு கொடுத்தால், உங்கள் ஃபோல்டர் அமைப்பு அப்படியே ஆல்பமாகும். ஸ்டூடியோக்களுக்கு இரண்டாம் வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை: ஒத்திசைவின்போது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி தவிர வேறெதையும் பெயரில் அது இயல்பாக ஏற்காது. 'முகூர்த்தம்' என்று தமிழில் ஃபோல்டர் வைத்தாலும், பெயருக்கு நடுவே இடைவெளி விட்டாலும் அந்த ஃபோல்டரைப் பிழை என்று ஒதுக்கிவிடும். ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, ஆல்பத்தின் தலைப்பை நிர்வாகப் பக்கத்தில் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் தலைப்பையும் குறிச்சொற்களையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. லைட்ரூமில் தலைப்பு, கேப்ஷன், கீவேர்ட் கட்டங்களில் எழுதினால் ஐபிடிசி, எக்ஸ்எம்பி விவரமாக அவை படத்தோடு பயணிக்கும். கேலரி மாறினாலும் புதியது அதைப் படித்துக்கொள்ளும். பிவிகோவில் ஐபிடிசியைப் படிக்கும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். 'லோக்கல் ஃபைல்ஸ் எடிட்டர்' செருகுநிரலில் ஒரு வரி சேர்த்தால் இயங்கத் தொடங்கும். படங்களை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பின்னால் வேலை மிச்சம்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஆல்பம் வடிவமைக்கும் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதில் தட்டிய பெயர் ஃபோட்டோஷாப்பில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். கேலரியில் அவை அர்த்தமில்லாத குவியலாக வந்து நிற்கும். யூனிகோடில் தட்டியதை மட்டுமே ஏற்றுங்கள். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது: 'கோ', 'மோ' போன்ற எழுத்துகளின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. ஒருவகையில் எழுதிய 'கோவை', இன்னொருவகையில் தட்டித் தேடினால் அகப்படாமல் போகலாம். கணினியில் எழுதிய தலைப்பை கைபேசியில் தட்டித் தேடிப் பாருங்கள், கிடைத்தால் கவலையில்லை.

ஹோஸ்டிங் தாங்குமா?

மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்தான் பெரும்பாலான ஸ்டூடியோக்களிடம் இருக்கிறது. அதில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் கொண்டு இயங்கும் பிவிகோ, ஜென்ஃபோட்டோ போன்றவை ஓடும். ஃபோட்டோப்ரிஸம், இம்மிச் போன்றவற்றுக்கு டாக்கரும் தனி விபிஎஸ் சர்வரும் வேண்டும். ஃபோட்டோப்ரிஸம் குறைந்தது இரண்டு கோர், 3 ஜிபி நினைவகம் கேட்கிறது. முகம் பார்த்துப் படம் பிரிக்கும் வேலைக்கு அந்த வலு தேவைதான்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் பலரைக் குழப்பும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 அளவு, அதாவது 2.4 கோடி புள்ளிகள். கோப்பாக அது 10 எம்பிதான் இருக்கும். ஆனால் சிறுபடம் உருவாக்க அதைத் திறக்கும்போது, பிஎச்பியின் ஜிடி நூலகம் ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் நினைவகத்தில் விரிக்கிறது. ஆக 96 எம்பி. பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. படுக்கைவாட்டுப் படம் எப்படியோ தப்பிவிடும். செங்குத்தாக எடுத்த படத்தைத் திருப்ப வேண்டுமென்றால் இன்னொரு பிரதியும் தேவை. வரம்பு தாண்டி வேலை பாதியில் நின்றுவிடும். ஆல்பத்தில் குழுப்படங்கள் எல்லாம் வந்து, மணமக்களின் செங்குத்துப் படங்களுக்கு மட்டும் சிறுபடம் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 45 மெகாபிக்சல் கேமராவின் 8256×5504 படத்துக்கு 180 எம்பிக்கு மேல் தேவைப்படும். அது திறக்கவே திறக்காது.

இதற்கு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இமேஜ்மேஜிக் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தனி நிரலாக இயக்கினால் பிஎச்பியின் வரம்புக்குள் வராது. பிவிகோ, இமேஜ்மேஜிக் இருந்தால் தானே அதை எடுத்துக்கொள்ளும். கூடவே பிஎச்பியின் நினைவக வரம்பு எவ்வளவு, அதை உயர்த்த முடியுமா என்றும் கேளுங்கள். ஏற்றும் கோப்பின் அளவு வரம்பு பிஎச்பியில் இயல்பாக 2 எம்பிதான். பிவிகோ படத்தைத் துண்டு துண்டாக அனுப்புவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இடக் கணக்கு. ஒரு திருமணத்துக்கு 1500 படம், படத்துக்கு 10 எம்பி என்றால் 15 ஜிபி. நாற்பது திருமணம் ஆனால் 600 ஜிபி. இதைப் பகிர்வு ஹோஸ்டிங்கில் வைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. லைட்ரூமிலிருந்து நீளப் பக்கம் 2048 புள்ளிகள், தரம் 80 என்று எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு படம் 600 கேபி அளவில் அடங்கும். அதே திருமணம் ஒரு ஜிபிக்குள் வந்துவிடும். கைபேசியிலும் மடிக்கணினியிலும் பார்க்க இந்த அளவு தாராளம். முழு அளவுப் படங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் வாடிக்கையாளருக்குத் தரும் பென் டிரைவிலும் இருக்கட்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது இருப்பிட விவரத்தை நீக்கும் பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். வீட்டில் எடுத்த குழந்தையின் பிறந்தநாள் படத்தோடு அந்த வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இணையத்துக்குப் போக வேண்டாம்.

கோப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஜிபி வரம்பு தவிர, இனோடு என்ற எண்ணிக்கை வரம்பும் உண்டு; பல திட்டங்களில் அது சில லட்சங்கள்தான். பிவிகோ ஒரே படத்துக்குச் சதுரச் சிறுபடம் தொடங்கிப் பல அளவுகளை உருவாக்கி வைக்கும். படத்துக்கு ஆறு கோப்பு என்று வைத்தாலும் ஒரு திருமணத்துக்கு 9000. முப்பது திருமணத்தில் 2.7 லட்சம். இடம் பாதி காலியாக இருக்கும்போதே 'இனி ஏற்ற முடியாது' என்று வந்துவிடும். தேவையில்லாத அளவுகளை அமைப்புப் பக்கத்தில் முதல் நாளே அணைத்துவிட்டால் இந்த நெருக்கடி வராது.

ஆல்பம் செலக்‌ஷனுக்கு உதவுமா?

நம் ஊர் ஸ்டூடியோவுக்குக் கேலரியால் கிடைக்கும் உண்மையான பலன் இதில்தான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்வதும், எண்களைத் தாளில் எழுதி அனுப்புவதும், மாமா ஒரு பட்டியல், பெண் வீட்டார் ஒரு பட்டியல் என்று வருவதும் மாதக் கணக்கில் வேலையை இழுக்கும். பிவிகோவில் உள்நுழைந்தவர் பிடித்த படங்களைக் குறித்துவைக்கலாம். 'யூசர் கலெக்‌ஷன்ஸ்' செருகுநிரலைச் சேர்த்தால் தேர்ந்தெடுத்தவற்றைத் தனித் தொகுப்பாக்க முடியும். இரண்டு வீட்டாருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுங்கள். இரண்டு தொகுப்பையும் ஒப்பிட்டு நீங்கள் முடிவைச் சொல்லலாம்.

இது ஒழுங்காக நடக்கக் கோப்புப் பெயரில் கவனம் வேண்டும். கேண்டிட் ஒருவர், டிரெடிஷனல் ஒருவர் என இரண்டு கேமராக்கள் ஓடும்போது, இரண்டிலும் 'டிஎஸ்சி 0412' என்ற படம் இருக்க வாய்ப்பு அதிகம். கேமராவின் எண்ணும் 9999-க்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். லைட்ரூமில் இறக்குமதி செய்யும்போதே தேதியையும் கேமராவுக்கு ஓர் எழுத்தையும் முன்னால் சேர்த்துப் பெயரை மாற்றிவிடுங்கள். கேலரியில் இருக்கும் பெயரும் ரா கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால், வீட்டார் தேர்ந்தெடுத்த நூற்றைம்பது படங்களையும் லைட்ரூமில் சில நிமிடங்களில் பிரித்தெடுத்துவிடலாம். மாறியிருந்தால் கண்ணால் பார்த்துத் தேட வேண்டியதுதான்.

பூட்டு உண்மையிலேயே பூட்டுகிறதா?

எந்தக் கேலரியை நிறுவினாலும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கடவுச்சொல் உள்ள ஆல்பத்தைத் திறந்து, ஒரு படத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டு, படத்தின் முகவரியை நகலெடுங்கள். மறைநிலைச் சாளரத்தில் ஒட்டுங்கள். படம் வந்துவிட்டால், பூட்டு பக்கத்துக்குத்தானே தவிர படத்துக்கு இல்லை. பல கேலரிகள் இயல்பில் இப்படித்தான் இயங்குகின்றன. முகவரியில் யூகிக்க முடியாத எழுத்துக் கோர்வை இருந்தால் ஓரளவு தேறும். ஃபோல்டர் பெயரும் படத்தின் எண்ணும் மட்டுமே முகவரியாக இருந்தால், எண்ணை மாற்றி மாற்றி யாரும் முழுத் திருமணத்தையும் பார்த்துவிடலாம். எஃப்டிபி வழியாகத் தாங்களே பெயர் கொடுத்து ஃபோல்டர் வைக்கிறவர்கள் இதற்காகவே ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஏழெட்டு எழுத்துகளைத் தாறுமாறாகச் சேர்ப்பது நல்லது. மூலப் படங்களுக்கு நேரடி அணுகலை அடைக்கும் அமைப்பு மென்பொருளில் இருந்தால் அதையும் இயக்குங்கள். வாடிக்கையாளர் ஆல்பங்களைத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளாதபடி தடுக்கவும் வேண்டும்.

சரி, எதைத்தான் போடுவது?

பகிர்வு ஹோஸ்டிங், வாடிக்கையாளருக்குத் தனித்தனி ஆல்பம், படத் தேர்வு என்பது உங்கள் தேவையானால் பிவிகோதான் என் தேர்வு. பயனர் குழுக்கள், ஆல்ப அனுமதிகள், செருகுநிரல்கள் எல்லாம் முதிர்ந்த நிலையில் இருக்கின்றன. தோற்றம் கொஞ்சம் பழைய பாணி. ஒரு நல்ல தீமும் உங்கள் லோகோவும் போட்டால் போதும். ஃபோல்டர் ஒழுங்கு உயிர் என்பவர்கள், கூடவே செய்திப் பக்கங்களும் வேண்டும் என்பவர்கள் ஜென்ஃபோட்டோவைப் பார்க்கலாம். இணைப்பும் கடவுச்சொல்லும் கொடுத்து அழகாகக் காட்டினால் போதும், தலைப்புகளைப் படத்துக்குள் எழுதும் பழக்கமும் இருக்கிறது என்றால் லைச்சி நன்றாகவே இருக்கும். காப்பர்மைன் என்ற கேலரி மென்பொருளைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

ஸ்டூடியோவைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்ட ஐம்பது அறுபது படங்கள் மட்டும் போதுமென்றால் டேட்டாபேஸே வேண்டாம். சிகல், தம்ஸ்அப் போன்ற கருவிகள் உங்கள் கணினியிலேயே ஒரு ஃபோல்டரைக் கேலரிப் பக்கங்களாக மாற்றித் தரும். அவற்றை ஏற்றிவிட்டால் முடிந்தது. சர்வரில் இயங்கும் நிரல் எதுவும் இல்லாததால் ஹேக் செய்ய அதிகம் ஒன்றுமில்லை, பதிப்பு மாறி உடையவும் எதுவுமில்லை.

இம்மிச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். 2022-இல் தொடங்கி மிக வேகமாக வளர்ந்து, 2025 அக்டோபரில் நிலையான இரண்டாம் பதிப்பைக் கண்டது. கைபேசிப் படங்களைத் தானாகச் சேமிக்கவும், முகம் வைத்துத் தேடவும் மிகச் சிறந்த மென்பொருள். ஆனால் அது குடும்பத்தின் படப் பெட்டகம். வலைத்தளத்தின் முகப்பாக வடிவமைக்கப்பட்டதல்ல. வீட்டுக்குப் போடுங்கள், ஸ்டூடியோ தளத்துக்கு வேண்டாம்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு துணை டொமைனில் சோதனையாக நிறுவி, ஒரு முழு விசேஷத்தையும் ஏற்றிப் பாருங்கள். செங்குத்துப் படம், தமிழ்த் தலைப்பு, கேமராவின் முழு அளவுக் கோப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஃபோல்டரையும் டேட்டாபேஸையும் இறக்கி, மடிக்கணினியையே சர்வராக்கும் ஜாம்ப் மென்பொருளை நிறுவி அதை மறுபடி உயிர்ப்பித்துப் பாருங்கள். இந்த இரண்டாம் பகுதியை யாரும் செய்வதில்லை. செய்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டூடியோக்களுக்குத் தளம் அமைத்துத் தரும் தொழிலில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு: டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஸ்டூடியோ உரிமையாளர் பெயரிலேயே வாங்குங்கள். நிறுவுவதற்கு ஒரு தொகை, வருடப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் போடுவது, மாதம் ஒருமுறை பேக்கப்பை உரிமையாளரின் டிஸ்க்கில் இறக்கிக் கொடுப்பது, பிஎச்பி பதிப்பு மாறும்போது சோதிப்பது எல்லாம் அந்த இரண்டாம் தொகைக்குள் வரும் வேலை. இலவச மென்பொருள்தானே என்று இதை இனாமாகச் செய்தால் இரண்டாம் வருடம் நீங்களும் செய்ய மாட்டீர்கள், தளமும் இருக்காது.

கடைசியாகச் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையது, உழைப்பு உங்களுடையது; ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தத் திருமணப் படங்களை உங்கள் தளத்தில் பொதுப் பார்வைக்கு வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. எந்தப் படங்களைத் தளத்தில் காட்டலாம், வாடிக்கையாளரின் ஆல்பம் எவ்வளவு காலம் இணையத்தில் இருக்கும், நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்குவீர்கள் என்ற மூன்றையும் புக்கிங் படிவத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முகூர்த்த மாதம் தொடங்குவதற்கு முன் அந்தப் படிவத்தை அச்சடித்துவிடுங்கள். கேலரியை அதற்குப் பிறகு நிறுவினால் போதும்.